பேரன் தாங்கும் பெயர்

மரபு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கற்கோயிலும் செப்புத் திருமேனியும் பழஞ்சுவடியும் பலர் நினைவுக்கு வருகின்றன. பாட்டன் விட்டுச் சென்ற வீடும் நிலமும் நகையும் வருகின்றன. இவையெல்லாம் முன்னோர் வைத்துச் சென்றவையே. ஆயினும், வைத்துச் சென்ற பொருள் வேறு. வழிவழியாகக் கைமாறி வரும் மரபு வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்பும் ஆசிரியர் தொலைவில் எங்கும் சென்று சான்று தேட வேண்டியதில்லை. வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அதிலுள்ள பெயர்களைப் பார்த்தாலே போதும்.

மரபும் பெயரும்

தமிழில் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் தொல்காப்பியம், பொருளதிகாரத்தின் இறுதியில் மரபியல் என்று ஓர் இயலை வைத்துள்ளது. மரபைப் பற்றிய இயல் என்றவுடன் வழிபாடும் திருமணமும் விழாவும் அங்கே முதலில் பேசப்படும் என எதிர்பார்ப்பவர் வியப்படைவர். அவ்வியல் பெயர்களைக் கொண்டே தொடங்குகின்றது. ஆவின் இளமைக்குக் கன்று என்று பெயர். ஆட்டின் இளமைக்கு மறி என்று பெயர். நாயின் இளமைக்குக் குருளை என்று பெயர். யானையில் ஆண் களிறு, பெண் பிடி. இவ்வாறு எந்த உயிரை எச்சொல்லால் அழைப்பது என்பதை ஒன்றன்பின் ஒன்றாக அவ்வியல் வகுத்துச் செல்கின்றது.

ஆவின் இளமையைக் கன்று என்று ஏன் சொல்ல வேண்டும், குருளை என்றால் ஆகாதோ என்று ஒரு மாணவன் கேட்கலாம். முன்னோர் அவ்வாறு வழங்கினர் என்பதே அதற்கு விடை. அவர் வழங்கியதைப் பின்னோர் கேட்டனர். கேட்டதை மீண்டும் வழங்கினர். வழங்கும் முறை திரிந்தால் பொருளும் வேறுபட்டுப் போகும் என்று தொல்காப்பியரே எச்சரிக்கின்றார். ஆகவே, மரபு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருள் அன்று. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லும் வழக்கு என்பது அவ்வியலால் பெறப்படும் கருத்தாகும்.

நிலத்தையும் பெயரையும் ஒப்பிட்டு நோக்கினால் இது மேலும் விளங்கும். நான்கு ஏக்கர் நிலத்தை நான்கு மக்கள் பங்கிட்டால் ஒருவருக்கு ஓர் ஏக்கரே கிடைக்கும். பாட்டனின் பெயரை நான்கு பேரர்களுக்கு இட்டாலும் ஒவ்வொருவருக்கும் முழுப் பெயரே கிடைக்கும். இது பெயரின் பெருமை. ஆனால், உழுவார் இல்லாத நிலம் தரிசாகவேனும் கிடக்கும். அழைப்பார் இல்லாத பெயரோ இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். இது பெயரின் குறை. மரபு முழுவதற்கும் இந்தப் பெருமையும் இந்தக் குறையும் பொருந்தும்.

பெயரன் என்னும் சொல்

மகனின் மகனையும் மகளின் மகனையும் தமிழர் பேரன் என்கின்றனர். இச்சொல்லின் பழைய வடிவம் பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். அவ்வாறே பெயர்த்தி என்னும் சொல் பேத்தி என மருவியது. உறவைக் குறிக்கும் சொற்களிலேயே, ‘உனக்கு இவர் தந்தது பெயர்’ என்னும் செய்தியைத் தமிழ் பொதிந்து வைத்துள்ளது.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில், தலைவியின் இல்லத்தைக் கண்டுவந்த செவிலித்தாய் அங்கே தான் கண்ட இனிய வாழ்வைச் சொல்கின்றாள். சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கும் புதல்வனைக் கண்டு தலைவனின் உள்ளம் பெரிதாயிற்று என்பது அவள் செய்தி. அங்கே அக்குழந்தையைத் தலைவனுடைய தந்தையின் பெயரைத் தாங்கியவன் என்றே அவள் குறிப்பிடுகின்றாள். தன் தந்தையின் பெயர் தன் மகனாக நடந்து வருவதைத் தலைவன் காண்கின்றான். ஒரு முற்றத்தில் மூன்று தலைமுறையும் அப்பாட்டில் கூடிவிடுகின்றன.

யாழ்ப்பாணத் தமிழரிடையே இச்சொல் மேலும் ஒரு சுவையான வழக்கைப் பெற்றுள்ளது. அங்கே பாட்டனையே பேரன் என்றும் பாட்டியையே பேத்தி என்றும் அழைப்பதுண்டு. மலாயாவுக்கு எழுத்தர்களாகவும் இரயில்வே ஊழியர்களாகவும் வந்த யாழ்ப்பாணத்தாரின் குடும்பங்களில் இவ்வழக்கைக் கேட்டவர் சிலர், இது பிழையோ என ஐயுற்றிருக்கலாம். பிழை அன்று. பெயரைத் தந்தவரும் பெயரைப் பெற்றவரும் ஒரே பெயர்க்கு உரியவர் ஆதலின், இருவரையும் ஒரு சொல்லே குறிப்பதில் வியப்பில்லை.

அரசரும் இம்முறையைப் போற்றினர். பல்லவருள் முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். சோழருள் முதலாம் பராந்தகனின் பேரனே இரண்டாம் பராந்தகன் எனப்படும் சுந்தர சோழன். மேலும், பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களைச் சோழர் ஒருவர் விட்டு ஒருவராக மாறி மாறிச் சூடினர். விசயாலயன் பரகேசரி, அவன் மகன் முதலாம் ஆதித்தன் இராசகேசரி, அவன் மகன் முதலாம் பராந்தகன் மீண்டும் பரகேசரி.

இங்கே ஒரு படிப்பினையும் உண்டு. இயற்பெயரைக் கூறாது, இராசகேசரியின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று மட்டும் கூறும் கல்வெட்டுகள் பல. அவை எந்த இராசகேசரியின் காலத்தவை எனத் துணிய முடியாமல் ஆய்வாளர் இடர்ப்படுகின்றனர். கல்லில் பெயர் நிலைத்துள்ளது. அப்பெயருக்கு உரியவன் இன்னான் என்னும் செய்தி நிலைக்கவில்லை. அரசர்க்கே இந்நிலை எனில், எழுதாத குடும்பங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தந்தையும் மகனும் கூடிய பெயர்

தமிழர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. வேற்று நாட்டுப் படிவங்களை நிரப்பும்போது நம்மவர் படும் தொல்லை யாவரும் அறிந்ததே. இதனை ஒரு குறையாகக் கருதுவோரும் உளர். ஆனால், தந்தை பெயரையும் மகன் பெயரையும் சேர்த்து வழங்கும் முறைக்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே புணர்ச்சி விதி வகுத்துள்ளது. சாத்தன் மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். மகன் பெயரால் தந்தையைக் குறிப்பதும் உண்டு. ஆதனின் தந்தை ஆந்தை. பூதனின் தந்தை பூந்தை. பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரைப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆதனின் தந்தை என அறிஞர் விளக்குவர். ஈழத்துப் பூதன்தேவனார் என்னும் பெயரில் ஊர் அல்லது நாடு, தந்தை பெயர், தன் பெயர் ஆகிய மூன்றும் அமைந்துள்ளன என்பர்.

ஆதலின், பெயருக்கு முன் நாம் இடும் தலைப்பெழுத்து, வெறும் அடையாளக் குறி அன்று. தந்தை பெயரின் சுருக்கம் அது. இன்று மாணவர் பலர் தம் பெயருக்கு முன் ஓர் ஆங்கில எழுத்தை எழுதுகின்றனர். அவ்வெழுத்து எதன் சுருக்கம் என்பதை மட்டும் அறிவர்; அப்பெயரின் பொருளை அறியார்.

பெயரைச் சொல்லாத வீடு

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டபின் வீட்டில் ஓர் இடர் தோன்றும். கணவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. மாமனார் பெயரையும் மருமகள் சொல்ல மாட்டாள். பாட்டனின் பெயர் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வந்துவிட்டால், பாட்டியும் தாயும் அக்குழந்தையை எவ்வாறு அழைப்பர்? ஐயா என்றும், பெரியவர் என்றும், அப்பு என்றும் வேறு செல்லப் பெயர்களாலும் அழைத்தனர். இதனால் பல குழந்தைகளுக்கு வீட்டுப் பெயர் ஒன்றும் பதிவுப் பெயர் ஒன்றும் அமைந்தன.

பெண்கள் மீது இத்தகைய கட்டுப்பாடு இருந்ததை இன்று எவரும் போற்ற மாட்டார். ஆயினும், அதனால் விளைந்த ஒன்றை மறக்கலாகாது. என்னை ஏன் எல்லாரும் பெரியவர் என்கின்றனர் என்று குழந்தை கேட்கும். உன் பாட்டன் பெயர் உனக்கு என்று விடை வரும். பாட்டன் எங்கே பிறந்தார், எப்போது கப்பல் ஏறினார், எந்தத் தோட்டத்தில் முதலில் பால் வெட்டினார் என்று கேள்விகள் வளரும். பெயருடன் கதையும் கைமாறியது இவ்வாறே. தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, லயத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட முதியோரே அக்கதையைச் சொல்ல நேரமுடையவராய் இருந்தனர். பாட்டனிடமிருந்து பேரனுக்கு நேராகச் சென்றது பெயர் மட்டும் அன்று.

கடல் கடந்த பெயர்கள்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிகள் வழியாகவும், 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் துணையாலும் தமிழர் வந்தனர். 1938இல் இந்திய அரசு இத்தகைய உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. இவ்வாறு வந்தவர் கையில் நிலமில்லை, சுவடியில்லை, பலரிடம் எழுதப்பட்ட தாள் ஒன்றும் இல்லை. அவர் கொண்டுவந்த உடைமைகளுள் எவராலும் பறிக்க முடியாதது பெயரே.

அப்பெயரும் இங்கே பாதுகாப்பாக இருந்துவிடவில்லை. தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தவாறு அதனைச் செக்ரோலில் ஆங்கில எழுத்தால் எழுதினார். தமிழின் ழகரமும் ளகரமும் அவ்வெழுத்தில் ஒன்றாயின. அண்ணன் பெயர் ஒருவாறும் தம்பி பெயர் வேறொருவாறும் எழுதப்பட்டதால், ஒரே தந்தையின் மக்கள் பத்திரங்களில் இருவேறு தந்தையர்க்குப் பிறந்தவர் போல் ஆயினர். 1948இல் மலாயாவில் அடையாள அட்டை வந்தபோது, பலர்க்கு இத்தகைய எழுத்துக்கூட்டலே நிலைத்தது. மகன் என்னும் பொருளுடைய அனாக் லெலாக்கி, மகள் என்னும் பொருளுடைய அனாக் பெரம்புவான் ஆகிய மலாய்த் தொடர்களின் சுருக்கம் இன்றும் மலேசியத் தமிழர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே நிற்கின்றது. சாத்தங்கொற்றன் என்னும் பழைய முறையே மலாய்ச் சொல்லின் துணையோடு தொடர்கின்றது எனலாம்.

இன்று முன்னோரின் ஊரைத் தேடுவோர் பலர். பாட்டன் எந்த மாவட்டத்தவர் என்பதைச் சொல்வாரும் இல்லை. காட்டப் பத்திரமும் இல்லை. அந்நிலையில் பெயர் ஒரு வழிகாட்டியாக அமையலாம். சுடலைமுத்து, இசக்கி என்னும் பெயர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையையும் அதனைச் சூழ்ந்த தென்பகுதியையும் சுட்டும். சுடலைமாடனும் இசக்கியம்மனும் அங்கே மிகுதியாக வழிபடப்படும் தெய்வங்கள். மன்னாதன், பச்சையம்மாள் என்பன வட ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளை நினைவூட்டும். தியாகராசன் திருவாரூரையும், அழகர்சாமி மதுரையை அடுத்த அழகர்கோயிலையும், அண்ணாமலை திருவண்ணாமலையையும், சென்னிமலை கொங்கு நாட்டையும் எண்ணச் செய்யும். பெயர் ஒன்றே முடிந்த சான்றாகாது. ஒரு தெய்வத்தின் பெயர் பல ஊர்களிலும் வழங்கும். ஆயினும், எத்திசையில் தேடுவது என்பதை அது சொல்லும். கல்லாத தாய்தந்தையர் தம் ஊரின் நினைவைக் குழந்தையின் பெயரில் எழுதி வைத்தனர்.

ஏற்பனவும் விலக்குவனவும்

முன்னோர் தந்ததெல்லாம் அவ்வாறே காக்கத்தக்கதோ எனின், அன்று. பெயரின் பின்னே சாதியை ஒட்டும் வழக்கமும் முன்னோர் தந்ததே. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தார். அக்கருத்துகள் இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றின. அந்த வாலை வெட்டியதால் தமிழ் மரபு குறைந்து போகவில்லை. நோயுற்ற கிளையைக் களைவதும் மரத்தைக் காப்பதே.

ஆனால், எது நோயுற்ற கிளை என்பதை ஆராயாமல் வெட்டுதல் தகாது. குப்பன் என்னும் பெயரை எடுத்துக்கொள்க. இன்றைய மாணவன் ஒருவன் தன் பாட்டன் பெயர் குப்பன் என்று சொல்ல நாணுகின்றான். பிறர் நகைப்பர் என அஞ்சுகின்றான். அப்பெயர் எவ்வாறு வந்தது? முன்பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்த வீட்டில், அடுத்து ஒரு குழந்தை பிறந்தால் அதனைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பெயரிடுவர். இது வேண்டாத பொருள் என்று எண்ணிச் சாவு கடந்து போகட்டும் என்பது தாயின் நம்பிக்கை. பிச்சை, பிச்சையம்மாள் என்னும் பெயர்களும் அத்தகையனவே. இரந்து பெற்ற குழந்தை என்பது பொருள். காடழித்து ரப்பர் நட்ட தொடக்க ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டில் எத்தனையோ உயிர்களை மாய்த்தது. அத்தகைய இடத்தில் குப்பன் என்னும் பெயர் இழிவைக் குறிப்பதன்று. பிழைத்திருக்க வேண்டும் என்னும் தாயின் மன்றாட்டு அது. இதை அறிந்தபின் அம்மாணவன் நாணுவானோ?

போதும்பொண்ணு என்னும் பெயரோ வேறு வகையது. பெண் குழந்தைகள் போதும், இனி ஆண் பிறக்க வேண்டும் என்னும் விருப்பத்தால் ஒரு பெண்ணுக்கு இட்ட பெயர் அது. வாழ்நாள் முழுவதும் தன்னை வேண்டாதவளாகச் சொல்லும் பெயரால் அழைக்கப்பட்ட அப்பாட்டி, அதிகாலையில் எழுந்து பால் வெட்டி, அத்தனை மக்களையும் வளர்த்து ஆளாக்கினார். அப்பெயரைப் பேத்திக்கு இட வேண்டியதில்லை. அப்பாட்டியின் கதையைப் பேத்திக்குச் சொல்லாமல் விடுதலும் கூடாது. பெயரை மாற்றலாம், கதையை இழக்கலாகாது.

பள்ளியின் பங்கு

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டன் ஒரு வீட்டிலும் பேரன் வேறொரு வீட்டிலும் வாழும் நிலை பெருகிற்று. குழந்தைக்குப் பெயரிடும்போது நட்சத்திர எழுத்தும் எண் கணக்கும் முன்னே நிற்கின்றன. பொருளில்லாமல் ஓசைக்காக அமைத்த பெயர்களும் காணப்படுகின்றன. பெற்றோர் உரிமையில் ஆசிரியர் தலையிட இயலாது, தலையிடவும் வேண்டியதில்லை. ஆனால், பெயருடன் வந்துகொண்டிருந்த கதை நின்றுவிடாமல் காக்கப் பள்ளியால் இயலும்.

அதற்குத் தனிப் பாடநூல் தேவையில்லை. நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக இதனைத் தரலாம். தந்தையின் பெற்றோர், தாயின் பெற்றோர் ஆகிய நால்வர் பெயரையும் மாணவர் தமிழில் பிழையின்றி எழுதிவருக. தாய்வழிப் பெயர்களை விட்டுவிடலாகாது. பல குடும்பங்களில் முதற்குழந்தைக்குத் தந்தைவழிப் பெயரும் அடுத்த குழந்தைக்குத் தாய்வழிப் பெயரும் இடுவது வழக்கம். அப்பெயர்களின் பொருள் என்ன, எந்தத் தெய்வத்தை அல்லது ஊரைக் குறிப்பன, யார் இட்டனர் என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு வருக. இறுதியாகத் தமக்கு ஏன் இப்பெயர் வந்தது என்பதை எழுதுக. நால்வர் பெயரை அறிய வேண்டுமாயின், மாணவர் ஒரு முதியவர் அருகே சென்று அமர வேண்டும். இப்பயிற்சியின் பயன் அதுவே.

இதில் ஆசிரியர்க்கு இரண்டு கவனங்கள் வேண்டும். பெயரைக் கேட்கும்போது சாதியைக் கேட்டல் ஆகாது. வெட்டிய வாலை வகுப்பறையில் மீண்டும் முளைக்கச் செய்தல் பெரும் பிழை. அடுத்து, பெற்றோரை இழந்த குழந்தையும், தந்தை பெயர் அறியாத குழந்தையும் வகுப்பில் இருக்கலாம். அவர்கள் தம்மை வளர்த்தவரின் பெயரையும் கதையையும் எழுதட்டும். வளர்த்தவர் தந்ததும் மரபே. அக்குழந்தையின் கட்டுரையைப் பிறர் கட்டுரையினும் ஒரு படி உயர்வாகவே ஆசிரியர் மதிக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் பிழைபட்ட பெயர்களைத் தமிழில் திருத்தி எழுதித் தருவதும் தமிழாசிரியரின் கடமை. பிறப்புப் பத்திரத்தில் உள்ள எழுத்தை மாற்ற இயலாமற் போகலாம். மாணவனின் ஏட்டில் அவன் பாட்டன் பெயர் ழகர ளகர வேறுபாட்டுடன் செம்மையாக எழுதப்பட்டால், மூன்று தலைமுறையாகத் தவறாக வழங்கிய பெயர் அன்று தன் வடிவைத் திரும்பப் பெறும்.

நிலம் விற்கப்படலாம், தோட்டம் மறையலாம், லயம் இடிக்கப்படலாம். அவற்றைத் தடுக்கும் ஆற்றல் எளிய குடும்பங்களுக்கு இருந்ததில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்குச் சொல்லும் ஆற்றலோ எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் இருக்கின்ற வீடுகளில் நாளை என்று தள்ளிப்போடாமல் இன்றே கேட்டு அறிதல் வேண்டும். பேரன் என்னும் சொல் தமிழில் இருக்கின்றது. அச்சொல்லுக்கு உரிய பொருளோடு வாழும் பேரரும் பேத்தியரும் இருத்தல் வேண்டும்.